மினியாபொலிஸ் மேட்ஸ் பார்: ஜூசி லூசிக்காக ஒரு மாலையை ஒதுக்கலாமா?

தேன்கனிக்கோட்டை

வணக்கம். நான் டாலஸில் இருக்கிறேன். ஜனவரி மூன்றாவது வாரம் அலுவலக வேலையாக மினியாபொலிஸ் வருகிறேன். ஹோட்டல் டவுன்டவுனில். பகல் முழுக்க மீட்டிங், ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது. எங்கள் டீமில் அந்த ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். “ஸ்டேக் எல்லாம் உங்கள் ஊரிலேயே கிடைக்கும், இங்கே வந்தால் ஒரு டைவ் பாரில் (பகட்டில்லாத பழைய அக்கம்பக்கத்து பார்) ஜூசி லூசி சாப்பிடுங்கள்” என்கிறார். பர்கர் கறிக்குள்ளேயே சீஸை வைத்து மூடிச் சுடுவார்களாம்.

தேடிப் பார்த்தால் மேட்ஸ் பார், 5-8 கிளப் என்று இரண்டு பெயர்கள் வருகின்றன. இரண்டும் சீடர் அவென்யூவில்தான். எதற்குப் போவது? கார் எடுக்கப் போவதில்லை. பீஃப் சாப்பிடுவேன், பீரும் குடிப்பேன், அதில் சிக்கல் இல்லை. ஆனால் கூட வரும் தோழி சுத்த சைவம். அவருக்கு அங்கே என்ன கிடைக்கும்? அப்புறம், இந்த மாதிரி பார் என்றாலே எனக்குக் கொஞ்சம் தயக்கம். தினமும் வருகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நாம் போய் நின்றால் எப்படிப் பார்ப்பார்களோ?

மிசிசிப்பிக்கரை

யோசிக்கவே வேண்டாம், மேட்ஸுக்குப் போங்கள்.

சீடர் அவென்யூவும் 35ஆம் தெருவும் சேரும் மூலையில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, வரிசையாக வீடுகள் இருக்கும் தெருவில் முனையில் ஒரு பார், அவ்வளவுதான். உள்ளே நுழைந்தால் மங்கலான வெளிச்சம், நெருக்கமாகப் போட்ட மேசைகள், ஒரு பக்கம் பார். அந்த பாருக்குப் பின்னால், எல்லோர் கண்ணுக்கும் படுகிற மாதிரி, சின்னதாக ஒரு இரும்புச் சூட்டுக்கல். சமையலறை என்று நீங்கள் மனதில் எதை வைத்திருந்தாலும் அது அங்கே இல்லை. பர்கர் எல்லாம் அந்தக் கல்லில்தான். ஒரு நேரத்தில் எத்தனை பர்கர் கல்லில் இடம் பிடிக்குமோ அத்தனை பேருக்குத்தான் சாப்பாடு, மற்றவர்கள் பீரோடு காத்திருக்க வேண்டியதுதான்.

1954இல் மேட் பிரிஸ்டல் என்பவர் இந்த பாரை ஆரம்பித்தார். அவர்கள் சொல்லும் கதை இது: வழக்கமாக வரும் ஒருவர், இரண்டு கறித் தட்டைகளுக்கு நடுவில் ஒரு துண்டு சீஸை வைத்துச் சுட்டுத் தரச் சொன்னாராம். கடித்ததும் சீஸ் பீச்சியடித்திருக்கிறது. வாயைத் துடைத்துக்கொண்டு, “இது சரியான ஜூசி லூசி” என்றாராம். அந்தப் பெயரே நின்றுவிட்டது. மெனுவில் எழுதும்போது ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள், இன்றுவரை திருத்தவில்லை. எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தால் அது போலி என்பார்கள் மேட்ஸ்காரர்கள். சரியாக எழுதத் தெரிந்தவனுக்குத்தான் சரியாகச் சுடவும் தெரியும் என்பார்கள் 5-8காரர்கள். ஊரே இதில் இரண்டு கட்சி.

உங்கள் தயக்கத்துக்கு: இந்த ஊர் ஆட்கள் நட்பாகத்தான் பேசுவார்கள், ஆனால் தாமாக வந்து ஒட்ட மாட்டார்கள். போய் உட்காருங்கள், ஒரு பீர் சொல்லுங்கள். யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

போக்குவரத்து: டவுன்டவுனிலிருந்து விமான நிலையம் பக்கம் போகும் புளூ லைன் ரயிலைப் பிடித்து லேக் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். கோடையில் நானே நடப்பேன். ஜனவரியில் வேண்டாம். இரவில் மைனஸ் 15 செல்சியஸ் என்பது இங்கே சாதாரணம், நடைபாதையெல்லாம் பனிக்கட்டி. உபர் எடுங்கள்.

வெட்டிப்பேச்சு

குறுக்கே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். மேட்ஸை இன்னும் டைவ் பார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 2014 ஜூனில் ஒபாமா வந்து சாப்பிட்டுவிட்டுப் போன இடம் அது. டிவிக்காரர்கள் வந்து அந்த பாரையும் 5-8ஐயும் மோதவிட்டுப் படம் பிடித்தாயிற்று. சனிக்கிழமை மாலை போனால் வாசலில் க்யூ. க்யூவில் பாதிப் பேர் கையில் சூட்கேஸ், நேராக ஏர்போர்ட்டிலிருந்து வருகிறவர்கள். டைவ் பார் என்றால் அக்கம்பக்கத்தார் மட்டும் வரும் இடம், போர்டு கூட சரியாக எரியாத இடம். பட்டியலில் முதல் பெயராக வருகிற கடைக்கு அந்தப் பெயர் எதற்கு?

மிசிசிப்பிக்கரை

வெட்டிப்பேச்சு, நீங்கள் பெயருக்குத் தக்கபடிதான் ஆரம்பித்திருக்கிறீர்கள். ஆனாலும் கேள்வி நியாயமானதுதான்.

ஒபாமா வந்தது உண்மை. தனக்குக் கடிதம் எழுதியிருந்த இந்த ஊர்ப் பெண் ஒருவரோடு வந்து சாப்பிட்டார். க்யூவும் உண்மை. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் என்ன செய்யவில்லை என்று பாருங்கள். பக்கத்து இடத்தை வாங்கி இடித்துப் பெரிதாக்கவில்லை. கல்லைப் பெரிதாக்கவில்லை. ரொம்ப காலம் ரொக்கம் மட்டும்தான் வாங்கினார்கள், இப்போதும் கையில் கொஞ்சம் ரொக்கத்தோடு போவது நல்லது. பர்கர் இன்னும் காகிதத்தில்தான் வருகிறது. செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள், பாரில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒருவரையொருவர் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. மினியாபொலிஸில் 1884இலிருந்து ஒரு விசித்திரமான கட்டுப்பாடு இருந்தது. போலீஸ்காரர் கால்நடையாக ரோந்து போகும் எல்லைக்குள் மட்டும்தான் சாராயக் கடைகளுக்கு லைசென்ஸ். அதாவது ஆற்றங்கரை, டவுன்டவுன், அதையொட்டிய சில பகுதிகள். கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம், 1970கள் வரை அது நீடித்தது. எல்லைக்கு வெளியே, தெற்கு மினியாபொலிஸ் மாதிரி குடியிருப்புப் பகுதிகளில் 3.2 பீர் என்கிற லேசான பீரை மட்டும்தான் விற்க முடியும். இதிலிருந்து நானாக ஊகிப்பது: விஸ்கி விற்க முடியாத மூலைக்கடை பீரை மட்டும் வைத்துப் பிழைப்பது கஷ்டம். ஆள் கூட ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்றால் தின்ன ஏதாவது கொடுத்தாக வேண்டும். பக்கத்தில் லேக் தெருவில் மினியாபொலிஸ்-மொலீன் டிராக்டர் ஆலை ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஷிஃப்ட் முடிந்து பசியோடு வருகிறவனுக்கு வறுத்த வேர்க்கடலை போதாது. இந்தப் பகுதி பார்களில் பர்கர் இப்படி வேரூன்றியதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஐம்பத்தெட்டாம் தெரு

மேட்ஸ் ரசிகர் மன்றக் கூட்டம் முடிந்ததா? மறுகட்சியும் கொஞ்சம் பேசட்டும்.

5-8 கிளப் 1928இல் ஆரம்பித்தது. தேதியைப் பாருங்கள், மதுவிலக்கு நடந்துகொண்டிருந்த காலம். அதாவது திருட்டுத்தனமாகக் குடிக்கிற இடமாகத்தான் அது பிறந்தது. 58ஆம் தெருவும் சீடர் அவென்யூவும் சேரும் இடம், அப்போது நகரத்தின் விளிம்பு. மதுவிலக்கை நடைமுறைப்படுத்திய வால்ஸ்டெட் சட்டத்தைக் கொண்டுவந்த ஆண்ட்ரூ வால்ஸ்டெட் யார்? இதே மினசோட்டாவின் காங்கிரஸ் உறுப்பினர், கிரானிட் ஃபால்ஸ் ஊர்க்காரர். சட்டம் போட்டவரின் மாநிலத்திலேயே சட்டத்தை ஏமாற்றப் பிறந்த பார். டைவ் பார் என்ற பட்டத்துக்கு இதைவிடத் தகுதி வேண்டுமா?

பர்கருக்கு வருகிறேன். மேட்ஸில் ஒரே சீஸ், அமெரிக்கன். 5-8இல் புளூ சீஸ், சுவிஸ், பெப்பர் ஜாக் எல்லாம் உண்டு. நம் நாக்குக்குப் பெப்பர் ஜாக்தான். காரம் இல்லாமல் எப்படி சார் முழு பர்கரை முடிப்பது? இடமும் தாராளம், குடும்பத்தோடு உட்காரலாம், பார்க்கிங் உண்டு. தேன்கனிக்கோட்டை, சைவத் தோழியோடு வருகிறீர்கள் என்றால் மெனு பெரிதாக உள்ள இடத்துக்கு வாருங்கள். பெண் பாவம், உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டுமா?

மிசிசிப்பிக்கரை

அந்தப் பண்டத்தை முதலில் செய்தது யார் என்பதை மட்டும் பெப்பர் ஜாக்கால் மறைத்துவிட்டீர்கள்.

ஐம்பத்தெட்டாம் தெரு

யார் முதலில் என்பதற்கு இரண்டு கடையிலும் பத்திரம் கிடையாது, அண்ணே. இரண்டு பக்கமும் கதைதான் இருக்கிறது.

டியர்பார்ன் வாசி

மிச்சிகனிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். எங்கள் பக்கம் டியர்பார்னில் மில்லர்ஸ் பார் என்று ஒன்று 1941இலிருந்து இருக்கிறது. மெனுவே கிடையாது. பர்கர் வேண்டுமா, சீஸ் வேண்டுமா என்று கேட்பார்கள், மெழுகுத்தாளில் வைத்து மேசையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், தட்டு கூட இல்லை. கிளம்பும்போது பாரில் போய் நாம் என்னென்ன சாப்பிட்டோம் என்று நாமே சொல்ல வேண்டும், அதைக் கூட்டிக் காசு வாங்கிக்கொள்வார்கள். பில் கிடையாது. ஃபோர்டு தலைமையகம் பக்கத்தில் இருப்பதால் நம் ஆட்கள் நிறையப் பேருக்குப் பழக்கமான இடம். உள்ளே எதையும் திணிக்காத நேரான பர்கர். சீஸை உள்ளே ஒளித்து வைத்து விளையாடுவதெல்லாம் எனக்கு வித்தையாகத்தான் படுகிறது.

வெட்டிப்பேச்சு

இது என் கட்சிக்கு வந்த ஓட்டு. அப்படியே சிகாகோ பில்லி கோட் டேவர்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1934இல் வில்லியம் சியானிஸ் என்ற கிரேக்கர் ஆரம்பித்தது. 1964இல் மிச்சிகன் அவென்யூவின் கீழ்த்தளச் சாலைக்கு இடம் மாறியது. மேலே பளபளப்பான கடைகள், படியிறங்கினால் வெளிச்சமே படாத ஒரு பாதாளத் தெருவில் இந்த பார். பக்கத்துப் பத்திரிகை ஆபீஸ்காரர்கள் அங்கேயே குடியிருந்தார்கள் என்று சொல்லலாம். 1945 பேஸ்பால் உலகத் தொடருக்குத் தன் ஆட்டை ரிக்லி மைதானத்துக்கு இழுத்துப்போய், ஆட்டை வெளியேற்றியதும் சிகாகோவின் கப்ஸ் அணி இனி ஜெயிக்காது என்று சாபம் விட்டவர் இந்த சியானிஸ்தான். 2016 வரை ஜெயிக்கவில்லையே!

ஆனால் அங்கேயும் பர்கர் என்னவோ சுமார்தான். மெல்லிய கறித் தட்டை, பெரிய பன். டபுளாக வாங்கினால்தான் கறி வாயில் தட்டுப்படும். நான் கேட்பது இதைத்தான். இந்த பார்களில் நாம் சாப்பிடுவது பர்கரையா, கதையையா? கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிடச் சொன்னால் எத்தனை பேர் மேட்ஸுக்கு ஓட்டுப் போடுவீர்கள்?

மிசிசிப்பிக்கரை

கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட வேண்டிய அவசியம் என்ன? வெள்ளிக்கிழமை மாலை, வெளியே பனி, உள்ளே வெங்காயம் கருகுகிற வாசனை, முன்னால் ஒரு கிரெய்ன் பெல்ட் பீர். அதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதை மட்டும் மதிப்பெண் போடு என்றால் அது ஆய்வுக்கூட வேலை.

கறியாகப் பார்த்தால் டவுன்டவுன் ரெஸ்டாரன்ட் ஒன்றில் இரண்டு மடங்கு விலைக்கு இதைவிட நல்ல கறி கிடைக்கும், ஒத்துக்கொள்கிறேன். இது ஒரு சமையல்காரர் உட்கார்ந்து யோசித்த பண்டம் அல்ல. பாரில் உட்கார்ந்திருந்தவன் கேட்டான், கல்லுக்குப் பின்னால் நின்றவர் செய்துகொடுத்தார். கேட்டவனுக்கும் கொடுத்தவருக்கும் நடுவில் நாலடி தூரம் இருந்த இடத்தில்தான் இப்படி ஒன்று பிறக்க முடியும். அந்த நாலடி இன்னும் அப்படியே இருக்கிறது, அதனால்தான் அங்கே போகச் சொல்கிறேன்.

நோக்கோமிஸ்

நான் இதே பகுதியில் வசிக்கிறேன். பெண்ணாகத் தனியாகப் போன அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், யாராவது தேடும்போது உதவும். தனியாகப் போனால் மேசைக்குக் காத்திருக்காதீர்கள், பாரில் ஒரு ஸ்டூல் காலியானதும் உட்கார்ந்துவிடுங்கள். கல்லுக்கு நேராக இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். பக்கத்தில் இருப்பவர் அதிகபட்சம் வானிலை பற்றிப் பேசுவார், அதையும் நீங்கள் ஆரம்பித்தால்தான். கையில் புத்தகத்தோடு உட்கார்ந்தவளை யாரும் தொந்தரவு செய்ததில்லை.

பீர் வாங்க ஐடி கேட்பார்கள், வயது 21 ஆகியிருக்க வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்துப்போகிறவர்கள் அவர்களுடைய பாஸ்போர்ட்டை எடுத்துப்போங்கள். நரைத்த தலையைப் பார்த்தும் கேட்கிற இடங்கள் உண்டு. டிப்ஸ்: டெக்சஸ் மாதிரி இல்லை, மினசோட்டாவில் டிப்ஸைக் காரணம் காட்டி சம்பளத்தைக் குறைக்க முடியாது, சர்வருக்கும் முழு குறைந்தபட்சக் கூலிதான். அதற்காக டிப்ஸ் வைக்காமல் எழுந்து வந்துவிடாதீர்கள். 20 சதவீதம் வழக்கம், ரொக்கமாக வைத்தால் சந்தோஷப்படுவார்கள்.

சைவத் தோழி விஷயம். மேட்ஸில் ஃப்ரைஸும் பீரும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம் இருக்காது. ஃப்ரைஸ் தவிர மற்றதெல்லாம் அந்தச் சின்னக் கல்லில்தான் வேகிறது என்பதால் வேறு ஏதாவது இருந்தாலும் கறிக் கொழுப்பு படாமல் வராது. முகம் சுளிக்கிறவர் என்றால் முதலில் நிக்கொலெட் அவென்யூவில் ஈட் ஸ்ட்ரீட் என்று சொல்லும் பகுதியில் அவருக்கு வியட்நாமியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, அப்புறம் இங்கே வாருங்கள்.

இன்னொரு யோசனை. ஜனவரி என்றால் ஏரி உறைந்திருக்கும். மேட்ஸிலிருந்து 5-8க்கு சீடர் அவென்யூவிலேயே நேராகத் தெற்கே மூன்று மைல், நடுவில் ரோடு நோக்கோமிஸ் ஏரியின் மேலேயே போகும். ஜனவரியில் அந்த ஏரிப் பனியில் பாண்ட் ஹாக்கி சாம்பியன்ஷிப் பல வருடம் நடந்திருக்கிறது, இந்த முறையும் அங்கேதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேதி ஒத்துவந்தால் தவறவிடாதீர்கள். கடும் குளிரில் நாள் முழுக்க ஆடிவிட்டு வருகிறவர்கள் எங்கே போய்ச் சாப்பிடுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தேன்கனிக்கோட்டை

எல்லோருக்கும் நன்றி. தோழியிடம் கேட்டேன், ஃப்ரைஸ் போதும், வேடிக்கை பார்க்க வருகிறேன் என்கிறார். மேட்ஸ் என்று முடிவு. ஆனால் ஒரு சின்ன சந்தேகம். சீஸை உள்ளே வைத்துச் சுடும்போது கறி உள்ளே வேகாமல் இருக்காதா? வழக்கமாக மீடியம் ரேர்தான் (நடுவில் சிவப்பாக, முழுக்க வேகாமல்) வாங்குவேன். இதில் கேட்கலாமா?

இரும்புவாணலி

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஜூசி லூசியில் மீடியம் ரேர் கிடையாது, கேட்காதீர்கள். சீஸ் முழுக்க உருக வேண்டும் என்றால் அதைச் சுற்றியுள்ள கறி வெந்தே ஆக வேண்டும். அரைத்த மாட்டுக்கறிக்கு அமெரிக்க விவசாயத் துறை சொல்வது 71 டிகிரி செல்சியஸ். முழுத் துண்டு ஸ்டேக்கில் கிருமி மேற்பரப்பில் இருக்கும், சூடு பட்டதும் போய்விடும். அரைக்கும்போது அந்த மேற்பரப்பு உள்ளே கலந்துவிடுகிறது, அதனால்தான் இந்தக் கணக்கு. அவ்வளவு வெந்தால் சாதாரண பர்கர் வறண்டுவிடும். இதில் நடுவில் சீஸ் இருப்பதால் வறட்சி தெரியாது. வித்தை என்றார் டியர்பார்ன் நண்பர். முழுக்க வெந்த கறியையும் ஈரமாகக் கொடுக்கிற வித்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் அமெரிக்கன் சீஸ்? ருசிக்காக இல்லை. 1916இல் ஜேம்ஸ் கிராஃப்ட் காப்புரிமை வாங்கிய பிராசஸ்டு சீஸின் வழிவந்தது அது. அதில் சேர்க்கும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். செடாரை உள்ளே வைத்துப் பாருங்கள், எண்ணெய் தனியாக ஓடும், மிச்சம் ரப்பராக நிற்கும். அமெரிக்கன் ஒரே குழம்பாக உருகும். 5-8காரர்கள் மன்னிக்க வேண்டும், பெப்பர் ஜாக்கில் எனக்கு இந்த ஓட்டம் கிடைத்ததில்லை.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு: 20 சதவீதம் கொழுப்புள்ள சக் (மாட்டின் தோள்பட்டைக் கறி) அரைத்தது வாங்குங்கள். கொழுப்பு குறைந்ததை வாங்கினால் ஓரம் வெடிக்கும். ஒரு பக்கத்துக்கு 100 கிராம், மெல்லிசாகத் தட்டுங்கள். சீஸை நான்காக மடித்து நடுவில் வையுங்கள், சுற்றிலும் இரண்டு விரல் அகலம் வெறும் கறி இருக்க வேண்டும். மேல் தட்டையைப் போட்டு ஓரத்தைச் சோமாசிக்கு அழுத்துகிற மாதிரி அழுத்தி மூடுங்கள். காற்று உள்ளே மாட்டக் கூடாது. இரும்பு வாணலி, மிதமான தீ. அவசரப்பட்டுப் பெரிய தீயில் வைத்தால் வெளியே கருகும், உள்ளே சீஸ் கெட்டியாகவே இருக்கும். ஒரே முறைதான் திருப்ப வேண்டும், திருப்பியதும் மேலே ஒரு ஊசிக்குத்து. உள்ளே ஆவி சேர்ந்து பூரித்துக்கொண்டு வரும், அது வெளியேற வழி வேண்டும். இல்லையென்றால் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு சீஸ் வாணலியில் ஓடிவிடும், உங்களுக்குக் கிடைப்பது நடுவில் ஓட்டையோடு ஒரு கறி வடை. தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் பக்கவாட்டில், கறியிலேயே நிற்கும்படி குத்துங்கள். நடுவில் குத்தினால் காட்டுவது சீஸின் சூட்டை.

பாரில் சாப்பிடப் போகிறவருக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. மேசைக்கு வந்ததும் கடிக்காதீர்கள். உள்ளே இருப்பது கொதிக்கிற திரவம். எங்கேயோ ஒரு பாரில் பேச்சு சுவாரசியத்தில் கடித்துவிட்டு மேலண்ணம் உரிந்து நாலைந்து நாள் தயிர்சாதத்தில் ஓட்டியவன் நான். சர்வர் காத்திருக்கச் சொன்னால் அது மரியாதைக்காக இல்லை.

வெட்டிப்பேச்சு

சரி, பர்கரை விடுங்கள். தேன்கனிக்கோட்டைக்கு அந்த ஊர் பார்களின் நிஜமான விசேஷத்தை யாருமே சொல்லவில்லையே. இறைச்சிக் குலுக்கல்!

நோக்கோமிஸ்

ஐயோ, ஆமாம். மீட் ராஃபிள். இந்த மாநிலத்தில் தர்மகாரியத்துக்காக என்றால் பாரில் சூதாட்டம் சட்டப்படி செல்லும். வார இறுதியில் பல பார்களில் ஒருவர் டிரே நிறைய பேக்கன், போர்க் சாப், மாட்டுக்கறி பாக்கெட்டுகளோடு வருவார். ஒரு டாலருக்கோ இரண்டு டாலருக்கோ சீட்டு வாங்குங்கள், சக்கரம் சுற்றும், உங்கள் எண் வந்தால் டிரேயில் பிடித்த பாக்கெட்டை எடுத்துக்கொள்ளலாம். பணம் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளின் ஹாக்கி சங்கம் மாதிரி ஏதாவது ஒன்றுக்குப் போகும். புல்-டேப் என்று கிழித்துப் பார்க்கும் சீட்டுகளும் உண்டு. மினசோட்டா வைக்கிங்ஸ் ஃபுட்பால் அணியின் புது ஸ்டேடியத்துக்கு அரசு தன் பங்கைத் திரட்ட முதலில் நம்பியதே மின்னணுப் புல்-டேப் வரியைத்தான். எதிர்பார்த்த அளவு வரவில்லை என்று சிகரெட் வரியில் கை வைத்தார்கள்.

டவுன்டவுன் பளபளப்பு பார்களில் இதைத் தேடாதீர்கள். செயின்ட் பால், வடகிழக்கு மினியாபொலிஸ் பக்கம் பழைய பார்கள்தான். ஹோட்டலில் தங்குகிறவர் ஜெயித்தால் இரண்டு கிலோ பன்றிக்கறியை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்பது வேறு பிரச்சினை.

தேன்கனிக்கோட்டை

போய்வந்துவிட்டேன். டாலஸ் திரும்பியதும் முதல் வேலையாக எழுதுகிறேன்.

மீட்டிங் முடிந்ததும் புதன்கிழமை ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டோம். வெளியே க்யூ இல்லை, உள்ளே மேசையும் இல்லை. நோக்கோமிஸ் சொன்ன மாதிரி பாரிலேயே இரண்டு ஸ்டூல் கிடைத்தது, கல்லுக்கு மூன்று ஆள் தள்ளி. அங்கேதான் மொத்த நேரமும் என் கண். ஒருவர்தான் நிற்கிறார். ஒரு பக்கம் கறி, ஒரு பக்கம் வெங்காயம், குறுக்கே பன். யாருடைய ஆர்டர் எங்கே கிடக்கிறது என்று எழுதி வைத்த மாதிரியே தெரியவில்லை, எல்லாம் மண்டையில். திருப்பியதும் ஒவ்வொன்றும் மெல்ல உப்பிக்கொண்டு வருவதைப் பார்க்க வேண்டுமே! தோழி ஃப்ரைஸைத் தின்றபடி “உங்களுடையது இரண்டாவது வரிசையில் ஓரத்தில் இருக்கிறது” என்று பந்தயம் கட்டினார். அது வேறு யாருக்கோ போனது.

காகிதத்தைப் பிரித்து, இரும்புவாணலி அண்ணனின் மேலண்ணத்தை நினைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தேன். முதலில் ஓரத்தில் சின்னக் கடி, ஆவி போனது, அப்புறம் சீஸ். உப்பு தூக்கல், கறி மெல்லிசு, வெங்காயம் நன்றாகக் கருகி இனிப்பாக இருந்தது, நடுவில் ஊறுகாய் வெள்ளரி. வெட்டிப்பேச்சு கேட்டதற்கு நேர்மையான பதில்: கண்ணைக் கட்டியிருந்தால் நல்ல பர்கர் என்று சொல்லியிருப்பேன், நாட்டிலேயே சிறந்தது என்று சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் டாலஸில் இதைவிட விலை கூடிய பர்கர் எதையும் நான் இவ்வளவு கவனமாகச் சாப்பிட்டதில்லை. சீஸ் ஒழுகுகிறபோது போனைத் தொட முடியாது என்பதும் ஒரு காரணம்.

அக்கம்பக்கத்தார் விஷயத்தில் மிசிசிப்பிக்கரை சொன்னதுதான் சரி. எனக்கு இடப்பக்கம் இருந்த பெரியவர் உள்ளே வந்ததும் வாயைத் திறக்கவில்லை, பீர் தானாக வந்தது. எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், எந்த ஊரிலிருந்து என்று. டாலஸ் என்றேன். “கௌபாய்ஸா?” என்று எங்கள் ஊர் ஃபுட்பால் அணியின் பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

5-8க்கு நேரமில்லை. ஐம்பத்தெட்டாம் தெரு கோபிக்க வேண்டாம். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். டீம் நண்பர் ஒருவருக்காக ஒன்று பார்சல் வாங்கி ஹோட்டல் ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். மறுநாள் காலை கொடுத்தேன், அவர் முகம் சரியில்லை. எப்படிச் சூடாக்கியிருக்க வேண்டும்?

ஐம்பத்தெட்டாம் தெரு

கோபமெல்லாம் இல்லை. அடுத்த முறை கோடையில் வாருங்கள், ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு இந்தப் பக்கம் வரலாம். ஒரு மாலையில் இரண்டு ஜூசி லூசி எந்த மனிதனாலும் முடியாது, அதனால் அன்றைக்கு மேட்ஸ் கிடையாது.

இரும்புவாணலி

பார்சலே வாங்கக் கூடாது. ஆறினால் சீஸ் உறைந்து கறியோடு ஒட்டிக்கொள்ளும், பன் ஈரத்தில் ஊறிவிடும். மைக்ரோவேவில் வைத்தால் கறி சூடாவதற்குள் உள்ளே சீஸ் கொதித்துப் பக்கவாட்டில் வெடிக்கும். வேறு வழியே இல்லை என்றால் பன்னைப் பிரித்து வைத்துவிட்டு, கறியை மட்டும் மூடி போட்டுச் சின்னத் தீயில், இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்துச் சூடாக்குங்கள். பன்னைத் தனியாக வாட்டி எடுங்கள். ஹோட்டல் அறையில் அடுப்பு இல்லையென்றால் நண்பருக்கு போட்டோவை மட்டும் காட்டுங்கள்.